கோடு போடும் ஊரில் மோரீன்

மோரீன் தியெரியின் மூக்கை உடைத்தது 2003-இல், அவள் எங்கள் ஊருக்கு வந்த ஐந்தாவது வருஷம். பால் வாளியால் ஒரே அடி. வாளியில் பால் இருந்தது. ரொட்டி வண்டிக்காகக் காத்து நின்ற ஏழெட்டுப் பேர், தியெரியின் முகத்தில் ரத்தமும் ஆட்டுப்பாலும் கலந்து வழிவதை வாய் பிளந்து பார்த்தார்கள். அவளுடைய நாயை அவன் சுட்டிருந்தான். காட்டுப்பன்றி என்று நினைத்துச் சுட்டுவிட்டேன் என்றான். அந்த நாய் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை.

"பன்னிக்கும் நாய்க்கும் வித்தியாசம் தெரியலன்னா கண்ணாடி வாங்கிப் போடு," என்றாள் மோரீன், தன் உடைந்த பிரெஞ்சில். "அதுவும் இப்ப முடியாது. மாட்ட மூக்கு இல்ல."

நான் ஒதீல். மோந்த்ரோல் ஊராட்சி அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் எழுத்தராக இருந்தவள். பிறப்பு, சாவு, கல்யாணம், வேலித் தகராறு எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். இந்த ஊரில் யாருக்கு யார் மேல் என்ன புகைச்சல் என்று எனக்குத் தெரிந்த அளவு பாதிரியாருக்குக்கூடத் தெரியாது. அவர் மாதம் ஒரு முறைதான் வருவார். எழுபது ஓட்டு உள்ள ஊர். காடு, மேடு, மாடு, மழை. ஆண்கள் செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை துப்பாக்கியும் கையுமாக அலைவார்கள். மீதி ஆறு மாதம் அதைப் பற்றிப் பேசுவார்கள். வேட்டைச் சங்கத்துக்குத் தலைவன் தியெரி.

மோரீன் இங்கிலாந்துக்காரி. கிரிம்ஸ்பி என்ற துறைமுகத்தில் பதினைந்து வயதில் மீன் அறுக்கப் போனவள். அவள் அப்பா மீன்பிடிக் கப்பலில் வேலை செய்தவர். கரைக்கு வந்தால் குடிப்பார், குடித்தால் அடிப்பார். ஒருமுறை அடுப்புக் கிளறும் கம்பியால் அடித்ததில் அவள் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அது சரியாகப் பொருந்தாமல் கடைசிவரை ஒரு பக்கம் தூக்கியே இருந்தது. பதினாறில் வீட்டை விட்டுப் போய்விட்டாள். லாரி ஓட்டிய கென் என்பவனைக் கட்டிக்கொண்டாள். கென்னும் ஒரே ஒருமுறை கையை ஓங்கினானாம். மீன் அறுக்கும் கத்தியை அவன் சட்டைக் கையோடு சேர்த்து மேசையில் இறக்கினாளாம்.

"தோல் கிழியல. சட்டை மட்டும்தான்," என்று என்னிடம் சொன்னாள். "பதினாலு வருஷமா மீனத் தோலுரிச்சவளுக்கு அந்த அளவு தெரியாதா."

இருவரும் எங்கள் ஊரின் மேல்கோடியில் கூரை இடிந்த ஒரு வீட்டை வாங்கி இருபது ஆடுகளோடு குடியேறினார்கள். 2009-இல் டிராக்டர் சரிவில் கவிழ்ந்து கென்னை அமுக்கியது. தீயணைப்புக்காரர்கள் வருவதற்குள் மோரீன் தனியாக ஜாக்கி வைத்துத் தூக்கி அவனை வெளியே இழுத்துவிட்டாள். பாதி உடம்புதான் உயிரோடு வந்தது, மறுநாள் அதுவும் போனது. ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. எட்டாம் நாள் பாலாடைக்கட்டிக் கூடையோடு சந்தையில் நின்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அன்றுதான்.

எங்கள் மாதிரிச் சின்ன ஊர்களில் ஊராட்சித் தேர்தலுக்கு ஒரு வழக்கம் உண்டு. இப்போது சட்டத்தை மாற்றிவிட்டார்கள், அன்று இருந்தது. ஓட்டுச்சீட்டில் ஏழு பேர் கொண்ட பட்டியல் அச்சாகி வரும். பிடிக்காத பெயர் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்தால் அந்தச் சீட்டில் அவருக்கு ஓட்டு இல்லை; வேண்டுமானால் அந்த இடத்தில் வேறு பெயரை எழுதலாம். மறைப்புக்குப் பின்னால் நின்று கோடு போடுவது எங்களுக்குப் பாவமன்னிப்புக்கு நேர் எதிரான ஒரு சுகம். பக்கத்து வீட்டுக்காரன் உங்கள் வேலியை நகர்த்தினானா, மைத்துனி உங்கள் சமையலைக் குறை சொன்னாளா, ஆறு வருஷம் பொறுத்திருந்து ஒரு கோடு. கோடு வாங்குபவர் எப்படியும் ஜெயித்துவிடுவார், நாம் செல்லமாக ஒரு தட்டு தட்டுகிறோம், அவ்வளவுதான். எண்ணும்போது "கோடு", "கோடு" என்று சத்தமாக வாசிப்பார்கள். பெயருக்கு உரியவர் முகம் சிவக்கும். ஊர் ரசிக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகளின் குடிமக்கள் எங்கள் ஊராட்சியில் ஓட்டுப் போடலாம், நிற்கலாம். மோரீன் 2001, 2008, 2014 என்று மூன்று முறை போட்டாள். மூன்றாவது முறை நிற்கவும் செய்தாள். எங்கள் மேயர் மர்சோ ஊரில் சமாதானம் வேண்டும் என்று தியெரியையும் மோரீனையும் ஒரே பட்டியலில் போட்டார். வேறு பட்டியலே இல்லை. இருவரும் ஜெயித்து ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். பூனையையும் எலியையும் ஒரே சாக்கில் கட்டிவிட்டு, பாருங்கள் என்ன அமைதி என்று சொல்வார் மர்சோ. நல்ல மனிதர்தான். கொஞ்சம் அதிகமாகப் பேசுவார்.

தகராறு முழுவதும் ஒரு பாதையைப் பற்றியது. மோரீனின் கொட்டிலிலிருந்து காட்டு வழியாக நீரூற்றுக்கும் அதற்கு அப்பால் உள்ள அவளுடைய மேய்ச்சலுக்கும் போகும் ஊர்ப் பொதுப் பாதை. வேறு வழி கிடையாது. வெயில் காலத்தில் அவள் கிணறு வற்றிவிடும், ஊற்று மட்டும் வற்றாது. அந்தப் பாதை இல்லையென்றால் ஆடு இல்லை, ஆடு இல்லையென்றால் மோரீன் இல்லை. பாதையின் இரு பக்கமும் இருந்த காட்டைத் தியெரி வாங்கினான். வளைத்து வேலி போட்டு, பன்றி விட்டு, பாரிஸ்காரர்களைக் கூட்டிவந்து சுட வைக்க வேண்டும் என்பது திட்டம். நடுவில் இந்தப் பாதை.

2019 இலையுதிர்காலக் கூட்டத்தில் பாதையை விலைக்குக் கேட்டான். மர்சோ முடியாது என்று தலையை ஆட்டினார்.

"பாதை ஊரோடது, தியெரி. நான் இந்த நாற்காலியில இருக்கிற வரைக்கும் அது விக்காது."

"நீங்க எத்தன நாளைக்கு இருப்பீங்க, பெரியவரே?"

"உன்ன அடக்கம் பண்ணிட்டுத்தான் போவேன்."

தியெரி மோரீன் பக்கம் திரும்பினான். "இவளுக்காகத்தான இவ்வளவும். அவங்க நாடே ஒன்றியத்த விட்டு வெளிய போறோம்னு ஓட்டுப் போட்டாச்சு. இன்னும் இந்த மேசையில என்ன வேல?"

"நான் போடல," என்றாள் மோரீன். அது உண்மை. பதினைந்து வருஷத்துக்கு மேல் வெளியே இருந்ததால் இங்கிலாந்தில் அவளுக்கு ஓட்டு அற்றுப்போயிருந்தது. தன் தலையெழுத்தை மாற்றிய அந்த வாக்கெடுப்பில் அவளைக் கேட்பாரில்லை.

"அப்ப எங்கயுமே ஆள் இல்ல நீ," என்று சிரித்தான்.

அவள் எழுந்தாள். அவன் முந்திக்கொண்டு நாற்காலியை எறிந்தான். நெற்றியில் பட்டு நான்கு தையல். அவள் மேசையைத் தூக்கி அவன் மேல் சாய்த்ததில் அவனுக்கு முழங்கால் பிசகியது. தண்ணீர்க் குடுவை உடைந்து மர்சோவின் காலணியெல்லாம் கண்ணாடி. நான் குறிப்பேட்டில் "கருத்து வேறுபாடு ஏற்பட்டது" என்று எழுதினேன்.

பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்துக்கொள் என்று அதற்கு முன்பிருந்தே அவளிடம் தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தேன். விண்ணப்பத்தை நானே பாதி நிரப்பினேன். பெற்றோர் இருவரின் பிறப்புச் சான்றிதழும் வேண்டும். அம்மாவுடையது கிடைத்தது. அப்பாவுடையதற்குப் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அந்தாளு பேர நான் கைப்பட எழுத மாட்டேன்."

"செத்துப்போன மனுஷன்டி. ஒரு கடிதம் போட்டா வந்திரும்."

"செத்தா? என் தோள்ல கைய வச்சுப் பாரு, செத்துட்டானான்னு."

நான் வைத்துப் பார்த்தேன். அந்தத் தூக்கிய எலும்பு சட்டைக்கு அடியில் கட்டியாக இருந்தது. விண்ணப்பம் என் இழுப்பறைக்குப் போனது.

2020 ஜனவரி முடிந்த அன்று இங்கிலாந்து வெளியேறியது. பிப்ரவரி முதல் வாரம் வாக்காளர் பட்டியல் எனக்குத் திரும்பி வந்தபோது நான்கு பெயர் குறைந்திருந்தது. மேலிடத்திலேயே எடுத்துவிட்டார்கள். மற்ற மூவர் கோடையில் மட்டும் வந்து போகிறவர்கள், அவர்களுக்குக் கடிதம் போட்டேன். மோரீனுக்கு நேரில் சொல்லப் போனேன். ஒரு ஆடு குட்டி போட்டுக்கொண்டிருந்தது, அவள் முழங்கை வரை ரத்தம்.

"நிக்க முடியாதுன்னு தெரியும்," என்றாள். "போடவும் முடியாதா?"

"முடியாது."

"இருபத்திரண்டு வருஷம். வரி கட்டறேன். புருஷன இங்க புதைச்சிருக்கேன்."

"சட்டம் அப்படி, மோரீன்."

குட்டியை இழுத்து வைக்கோலில் போட்டாள். அதன் மூக்கைத் துடைத்தாள். "சரி. நீங்க இருக்கீங்கல்ல, பாத்துக்குங்க," என்றாள். நாங்கள்தான் இருந்தோமே.

இந்த முறை தியெரி தனிப் பட்டியல் போட்டான். ஏழு இடத்துக்குப் பதினான்கு பேர். மர்சோ பட்டியல் ஜெயித்தால் பாதை தப்பும், தியெரி பட்டியல் ஜெயித்தால் போகும். ஊருக்கே அது தெரியும். மார்ச் பதினைந்து, ஞாயிறு. நோய் பரவுகிறது, கை குலுக்காதீர்கள் என்று வானொலியில் கத்திக்கொண்டிருந்தார்கள். அவரவர் பேனாவைக் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். பேனாவைக் கொண்டுவா என்று எங்கள் ஊரிடம் சொல்லவே வேண்டாம்.

என்னைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்த ஜனவரியில் வயதானவர்களுக்கு ஊராட்சி போடும் வருடாந்திர விருந்தில் மர்சோ ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "நம்ம ஒதீல் நின்னுகிட்டுப் பரிமாறறது இதுதான் கடைசி. இன்னும் கொஞ்ச நாள்ல அவளும் இந்தப் பக்கம் உக்காரப்போறா," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அறுபத்தொன்று. நான் அறுபத்தொன்று என்று யாருக்கும் சொன்னதில்லை. வாத்துக்கறித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நானும் சிரித்தேன். உள்ளே பற்றி எரிந்தது. மறைப்புக்குப் பின்னால் நின்றபோது மர்சோ பட்டியலை எடுத்தேன். அவர் பெயர் முதலில் இருந்தது. ஊரில் எல்லாரும் அவருக்குத்தான் போடுவார்கள், ஒன்று குறைந்தால் என்ன, வாசிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். நீல மையால் ஒரு கோடு இழுத்தேன். மடித்து உறையில் போட்டேன். மனசு லேசாகி வெளியே வந்தேன்.

ஆறு மணிக்கு எண்ணத் தொடங்கினோம். எண்ணுவதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதால் மோரீன் வந்து கதவோரம் நின்றாள். தலை வாரி, சந்தைக்குப் போடும் நல்ல மேல்சட்டை போட்டிருந்தாள். ஐம்பத்தொன்பது சீட்டு. நான் கணக்கெழுதும் மேசையில். முதல் பத்துச் சீட்டுக்குள் "மர்சோ, கோடு" என்று ஒன்று வந்தது. சிரிப்பு. அப்புறம் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. நான்காவதில் யாரும் சிரிக்கவில்லை. எங்கள் பட்டியலிலேயே ஆறு சீட்டில் அவர் பெயர் மேல் கோடு. கறுப்பு மை மூன்று, பச்சை ஒன்று, நீலம் இரண்டு. ஆறு பேரும் ஆளுக்கொரு செல்லத் தட்டு தட்டியிருந்தோம். ஆறாவது தட்டில் ஆள் விழுந்துவிட்டார்.

இரு தரப்பிலும் தலா மூன்று பேர் ஜெயித்துவிட்டார்கள். ஏழாவது இடம் மட்டும் பாக்கி. தியெரி முப்பத்தொன்று, மர்சோ முப்பது; சிலர் கோடு போட்டு, பெயர் எழுதி, ஒரே சீட்டில் இருவருக்கும் போட்டிருந்தார்கள். சமமாக வந்திருந்தால் வயதில் மூத்தவருக்கு என்பது சட்டம். மர்சோவுக்கு எழுபத்தாறு, தியெரிக்கு ஐம்பத்திரண்டு. ஒரே ஒரு ஓட்டு போதும். மோரீனின் ஓட்டு இருந்திருந்தால் போதும். என் பேனாவில் மை தீர்ந்திருந்தாலும் போதும்.

மர்சோ நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தன் சால்வையை மடித்துக்கொண்டே இருந்தார். மடித்ததையே திரும்பத் திரும்ப மடித்தார்.

"யாரு கோடு போட்டது?" மோரீனின் குரல் பின்னாலிருந்து வந்தது. "பேசுங்க. ஆறு பேரு. யாரு?"

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நானும்தான்.

தியெரியின் மச்சான் புரூனோ அவளிடம் போனான். ஆள் கதவு அகலம், மூளை சாவித்துவாரம் அளவு. "ஓட்டில்லாதவளுக்கு இங்க என்ன விசாரண? படகு எத்தன மணிக்குன்னு கேட்டுட்டுக் கிளம்பு," என்று தோளைத் தள்ளினான். அந்தத் தோளையே தள்ளினான்.

அவள் நெற்றியால் அவன் வாயில் முட்டினாள். இரண்டு பல் தரையில் விழுந்தது. பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. பாதிப் பேர் பாதையை மறந்து தங்கள் பழைய கணக்கைத் தீர்த்தார்கள். தச்சர் தன் அண்ணனைச் சுவரில் வைத்து மொத்தினார். பள்ளி வாத்தியாரம்மா யாரையோ குடையால் விளாசினார். மர்சோவை யாரோ தள்ளியதில் படிக்கட்டில் உருண்டு விலா முறிந்தது. நான் ஓட்டுப்பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். எண்ணி முடிந்த பெட்டி. அதை யார் எடுக்கப்போகிறார்கள்? ஆனாலும் விடவில்லை.

இரண்டு நாளில் நாடே முடங்கியது. தியெரி மேயரானான். பொதுப் பாதையை விற்க வேண்டுமானால் அதை யாரும் பயன்படுத்துவதில்லை என்று காட்ட வேண்டும், அதைப் பார்க்க ஓர் அதிகாரி வருவார். ஆக, அவன் வேலை மோரீனைப் பாதையில் நடக்கவிடாமல் செய்வது. அவள் வேலை நடப்பது. தினம் காலையில் வெளியே போகும் அனுமதித் தாளில் "கால்நடைகளின் தேவைக்காக" என்று எழுதிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு இருபத்து மூன்று ஆடுகளோடு இறங்குவாள். ஏப்ரலில் பாதைக்குக் குறுக்கே ஓக் மரம் ஒன்றை வெட்டிப் போட்டார்கள். ரம்பத்தால் அறுத்துத் தள்ளிவிட்டு, அதையே விறகாக அடுக்கிக்கொண்டாள். மே மாதம் சங்கிலி கட்டினார்கள். அறுத்தாள். ஊற்றில் செத்த நரியைப் போட்டார்கள். வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வந்து, என் மேசை தாண்டி உள்ளே போய், மேயர் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போனாள். அதைத் துடைத்தது நான்.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேட்டை நாய்கள் ஆறை அவிழ்த்துவிட்டார்கள். என் வீடு பாதை தொடங்கும் இடத்தில். ஆடுகள் கத்திய கத்தலைக் கேட்டு, வைக்கோல் அள்ளும் இரும்புக் கவையை எடுத்துக்கொண்டு ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது நான்கு ஆடுகள் குடல் சரிந்து கிடந்தன. ஒன்று எழுந்து நிற்கப் பார்த்து, தன் குடலைத் தானே மிதித்து விழுந்தது. மோரீன் நடுவில் நின்றாள், கையில் அந்த மீன் கத்தி. இரண்டு நாய்கள் அவள் காலடியில் துடித்துக்கொண்டிருந்தன. மூன்றாவது அவள் கெண்டைக்காலைக் கவ்வியிருந்தது. குனிந்து அதன் கழுத்தில் இறக்கினாள். முகத்தில் கோபம்கூட இல்லை. மீன் சந்தையில் நிற்கிறவள் முகம்தான் இருந்தது.

தியெரி மேட்டிலிருந்து ஓடிவந்தான். நாய்களைப் பார்த்ததும் அவன் போட்ட ஓலம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவனுக்கும் நாய் என்றால் உயிர். துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து, கட்டையால் அவள் கத்தி பிடித்த கையில் அடித்தான். காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம். கத்தி விழுந்தது. அவள் விழுந்தாள். அவன் அந்தக் கை மேலேயே இரண்டாம் முறை அடித்தான், மூன்றாம் முறை அடித்தான். அவன் பின்னாலேயே ஓடிவந்த புரூனோ பூட்ஸ் காலால் அவள் விலாவில் உதைத்தான்.

"இன்னும் பாதை வேணுமா? வேணுமா?"

"வேணும்," என்றாள் அவள், மண்ணைத் துப்பிக்கொண்டு.

புரூனோ மறுபடி காலைத் தூக்கினான். நான் கவையை அவன் தொடையில் ஏற்றினேன். முப்பத்தொரு வருஷம் ரப்பர் முத்திரை குத்திய கை இது. இவ்வளவு ஆழம் போகும் என்று எனக்கே தெரியாது. அவன் அலறிக்கொண்டு உட்கார்ந்தான். தியெரி என்னை வெறித்துப் பார்த்தான்.

"ஒதீல், உனக்குப் பைத்தியமா?"

"இன்னொரு முள்ளு பாக்கி இருக்கு. உனக்கு வேணுமா?"

போலீஸ் வந்தது. இரு தரப்பிலும் காயம், மூன்று நாய், நான்கு ஆடு என்று எழுதிக்கொண்டு போனார்கள். எல்லாருக்கும் வழக்கு. எனக்கு வேலை போனது, அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

மோரீனின் வலது கையில் நான்கு விரல் நொறுங்கிப்போனது. லிமோஜ் ஆஸ்பத்திரியில் ஆறு வாரம். என்னால் ஆடுகளுக்குத் தண்ணீரைக் குடத்தில் தூக்கிப்போய்க் கொடுக்க முடிந்தது, கறக்க முடிந்தது, மந்தையை நடத்திக்கொண்டு பாதையில் போக முடியவில்லை. பயம். அந்த ஆறு வாரத்தில் பாதையில் முள் மண்டியது. அதிகாரி சரியாக அப்போதுதான் வந்தார். புல்லை அளந்தார், படம் எடுத்தார், போனார். அக்டோபர் கூட்டத்தில் நான்குக்கு மூன்று என்று பாதை விற்பனையானது. தனக்கு லாபம் உள்ள விஷயத்தில் உறுப்பினர் ஓட்டுப் போடக் கூடாது, ஆனால் காட்டை முன்யோசனையாக மச்சான் பெயரில் வாங்கியிருந்ததால் தியெரியும் தைரியமாகக் கை தூக்கினான்.

சேதி சொல்ல நான்தான் போனேன். மோரீன் சமையலறையில் இடது கையால் தேநீர் ஊற்றினாள். பாதி தட்டில் கொட்டியது.

"தெரியும்," என்றாள். "வியாபாரி வெள்ளிக்கிழமை வந்து ஆடுங்கள ஏத்திட்டுப் போறான்." பிறகு என் கை மேல் தன் இடது கையை வைத்தாள். "இந்த ஊர்ல எனக்குன்னு நின்னவ நீ ஒருத்திதான். அத மறக்க மாட்டேன்."

அதை மட்டும் அவள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். செத்தாலும் திறந்திருக்க மாட்டேன்.

"அந்த ஆறுல ஒண்ணு நான்," என்றேன்.

"எந்த ஆறு?"

"மர்சோ பேர் மேல கோடு. ஒண்ணு என்னோடது."

அவள் தன் கையை எடுத்துக்கொண்டாள். "எதுக்கு?"

விருந்து, ஒலிபெருக்கி, வாத்துக்கறி, அறுபத்தொன்று எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அது சுருங்கிக்கொண்டே போனது. கடைசியில் ஒன்றுமே இல்லை.

இடது கையால் அடித்தாள். நாற்காலியோடு பின்னால் விழுந்தேன். உதடு கிழிந்து, கீழ்ப்பல் ஒன்று ஆடியது. அவள் மேசையைச் சுற்றி வந்து நின்றாள். உதைக்கப்போகிறாள் என்று நினைத்தேன், உதைக்கட்டும் என்றிருந்தது. அவள் குனிந்து என் சட்டையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தாள். துணியை நனைத்துக் கொடுத்தாள். எதிரில் உட்கார்ந்தாள்.

"மூணு தடவ நான் ஓட்டுப் போட்டிருக்கேன், ஒதீல்," என்றாள். "ஒரு பேர் மேலயும் கோடு போட்டதில்ல. மூணாவது தடவ தியெரி பேரும் நம்ம பட்டியல்லதான் இருந்துச்சு. பேனா கையில இருந்துச்சு. அப்படியே மடிச்சுப் போட்டேன்."

"ஏன்டி?"

"உக்கார எடம் குடுத்திருக்காங்க, அதுலபோய் நான் எப்படிக் கிறுக்கறதுன்னு நெனச்சேன்," என்றாள். ஆறிப்போன தேநீரை என் பக்கம் தள்ளிவிட்டு, கறக்கிற நேரமாகிவிட்டது என்று எழுந்து போனாள்.